நாலாவது கால்

"ஸ்டூல் ஆடுதுங்க, டீச்சர்."

வந்ததும் வராததுமாகக் குழந்தைவேலு சொன்னது இதைத்தான். நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வந்த ஸ்டூலைத் தரையில் வைத்தார். அதுவும் அவர் பேச்சைப் பொய்யாக்காமல் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

ரெஜினா வாயிலிருந்த முறுக்கை மென்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"டீச்சருன்னு கூப்பிடாதீங்ணா. எந்தக் காலுங்க குட்டை?"

"இதானுங்க."

"அது குட்டைன்னு ஆருங்க சொன்னது?"

"ஆடுதே!"

"ஆடறது ஸ்டூலுங்ணா. காலு ஒண்ணும் சொல்லலியே."

குழந்தைவேலு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். எதிர்ப்பக்கத்துக் காலில் ஒரு சீவு சீவினார்.

அது இன்னும் நன்றாக ஆடியது.

*

குருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ரெஜினாவிடம் குருவுக்குரிய லட்சணம் ஒன்றுகூடக் கிடையாது. கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. குழந்தைவேலுவைவிட வயதில் எவ்வளவோ இளையவள். சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்தில், துணி காயப்போடுகிற இடத்தில், மரத்தூளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கரண்டி செய்வாள். கிண்ணம் செய்வாள். மறுபடியும் கரண்டி செய்வாள்.

"எதுக்குங்க இத்தனை கரண்டி?" என்று குழந்தைவேலு ஒருநாள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னொண்ணு செய்யறதுக்குத்தானுங்ணா."

அந்தப் பதில் அவருக்குப் புரியவில்லை. ஆனால் பிடித்துவிட்டது. அன்றைக்கே கீழே இறங்கி வந்து சிஷ்யராகிவிட்டார்.

சிஷ்யர் மோட்டார் பம்பு கம்பெனியில் அளவு பார்க்கிற வேலையில் இருந்தவர். ஒரு மயிரிழை பிசகினால் போதும், ஒதுக்கித் தள்ளிவிடுவார். வீட்டிலும் அதே உத்தியோகத்தைத்தான் பார்த்தார் என்பது அவர் மனைவி கலாமணியின் கட்சி.

அந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். அவர், கலாமணி, மகன் சிபி, மகள் தாரணி. போன மழைக்காலத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போன சிபி திரும்பி வரவில்லை. பாதையில் மண் சரிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் அது தாங்க முடியாததாக இருந்தது.

குழந்தைவேலு வேலையை விட்டார். தூக்கம் அவரை விட்டது. அவர் போய்ப் பார்த்த டாக்டர், மாத்திரை எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டு, "கைக்கு ஒரு வேலை குடுங்க. தோட்டம் போடுங்க, தச்சு வேலை கத்துக்குங்க. கை ஓடுனா மனசு கொஞ்சம் உக்காரும்" என்றார்.

அப்படித்தான் பால்கனிக்கு இழைப்புளி வந்தது, ரம்பம் வந்தது, உளி வந்தது. ஒரு வாகைப் பலகையும் வந்தது.

உண்மையைச் சொன்னால் முதல் சில நாட்கள் சொர்க்கம். மலையிலிருந்து காலையில் பனி இறங்கி வந்து பால்கனிக் கம்பி வரை நிற்கும். அவர் பலகையை இழைப்பார். சுருள் சுருளாக மரச்சீவல் விழும். வாசனை எழும். தள்ளு, இழு, தள்ளு, இழு. கண் திறந்திருக்கும்போதே ஒரு தூக்கம் அவருக்குள் வந்து போகும். பனிக்குள் இருக்கிறோமா பலகைக்குள் இருக்கிறோமா என்பதே தெரியாது. கலாமணி காபி வைத்துவிட்டுப் போவாள். ஆறிப்போகும்.

எல்லாம் கால் மாட்டுகிற வரைக்கும்தான்.

*

"மறுபடியும் ஆடுதுங்க."

ஸ்டூல் இப்போது முன்பைவிட உயரம் குறைந்திருந்தது. ரெஜினா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பசை போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. ஆட்டம் நிக்கற வரைக்கும் போடக் கூடாதுன்னீங்களே."

"செரி. திருப்பி வெய்யுங்க."

கொஞ்சம் திருப்பி வைத்தார். ஸ்டூல் ஆடாமல் நின்றது.

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்தது. "அட!"

"இன்னுங் கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க."

தள்ளினார். டக்.

"அப்போ காலு மேல தப்பில்லை," என்றார் மெதுவாக. "தரை மேல தப்பு."

"ஆமாங்ணா."

"எங்கூட்டுத் தரையும் இப்படித்தான் இருக்குமுங்களா?"

"எந்தத் தரையுமே இப்படித்தானுங்ணா."

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டுத் தெளிந்திருப்பார். நம்மவர் நேராகப் போய் டைல்ஸ் போடுகிறவருக்குப் போன் செய்தார். வீடு முழுக்கப் பெயர்த்துவிட்டு மட்டம் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். அந்த மனிதர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தரை நல்லாத்தானுங்க இருக்குது. எதுக்கு ஒடைக்கோணும்?"

"ஸ்டூல் ஆடுது."

அவர் கலாமணியின் முகத்தைப் பார்த்தார். கலாமணி வேறெங்கோ பார்த்தாள். டைல்ஸ்காரர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றாள் கலாமணி. "ஒரு ஸ்டூலுக்கா இந்தப் பாடு?"

"இந்த ஊட்டுல ஒண்ணாச்சும் ஆடாம நிக்கோணும் கலா."

டைல்ஸ்காரர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அந்த வீட்டில் என்ன ஆடிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும். கூடத்தில் ஒரு சதுர மேஜை. நாலு பக்கமும் நாலு நாற்காலி, ஆளுக்கொரு பக்கம். சன்னலைப் பார்த்த பக்கம் சிபியுடையது. யாரும் அதில் உட்காரவில்லை, யாரும் அதை எடுக்கவுமில்லை. கலாமணி சாப்பாட்டுக்கு முன்னால் கை பாட்டுக்கு நாலு டம்ளரில் தண்ணீர் எடுத்து வைப்பாள். வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள். அந்த டம்ளர் உள்ளே போகிற வரைக்கும் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள்.

எப்படி உட்கார்ந்தாலும் அந்தக் காலிப் பக்கம் கண்ணில் பட்டது. கொஞ்ச நாளில் தாரணி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்கிறாள். கல்லூரி பஸ் தெருமுனைக்கே வருகிறது. இருந்தும் போகிறேன் என்கிறாள். காலேஜ் திறந்ததும் கிளம்புவதாக முடிவாகியிருந்தது.

போகாதே என்று சொல்லக் குழந்தைவேலுவுக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்ல, இருப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. பிள்ளை ஒன்று போய்விட்டது, இன்னொன்று போகப் போகிறது. அவர் பால்கனிக்குப் போய் இன்னொரு காலைச் சீவினார்.

*

ஒரு மத்தியானம், மரச்சீவலுக்கு நடுவிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.

பனி வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. ஸ்டூல் கூடத்தின் நடுவில் நின்றது. அதன் கால்கள் தரைக்குள் வேர் விட்டிருந்தன. ஒவ்வொரு காலிலும் வாகை இலை தளிர்த்திருந்தது. சிபி அதில் உட்கார்ந்திருந்தான். ஸ்டூல் அவ்வளவு குட்டையாகிவிட்டதால் முழங்கால் அவன் மோவாய் வரை வந்திருந்தது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"எறங்குடா. சரி பண்ணிக் குடுக்கறேன்."

"ஆடுனா நல்லாத்தானப்பா இருக்குது."

"விழுந்துருவே."

சிபி சிரித்தான். அவன் சிரிப்புக்கு இலைகள் ஆடின.

விழித்தபோது குழந்தைவேலுவின் கன்னம் நனைந்திருந்தது, மடியெல்லாம் மரத்தூள். தூறல் உள்ளே அடித்திருந்தது. அப்படியே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

*

"ஆடுதுங்க டீச்சர்."

இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது. ரெஜினா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். அது இன்னும் கொஞ்சம் சீவினால் மணையாகிவிடும் என்கிற நிலைமையில் இருந்தது.

அவள் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்து ஒரு காலைப் பக்கவாட்டில் தட்டினாள். திருப்பித் தட்டினாள். கால் கழன்று கையோடு வந்துவிட்டது.

"இந்தாங்க," என்று மூன்று காலோடு ஸ்டூலை நீட்டினாள்.

"என்னங்க இது?"

"ஸ்டூலு."

கீழே வைத்தார். காலில்லாத மூலைப் பக்கம் அது மெல்லச் சாய்ந்து விழுந்தது.

ரெஜினா உளியைக் கையில் எடுத்திருந்தாள். கழற்றிய காலின் ஒரு முனையைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். மென்மையான சின்னச் சின்னச் சில்லுகளாக வாகை உதிர்ந்தது.

"அதைக் குடுங்க."

"எதைங்ணா?"

"அந்தக் காலை."

"இது கரண்டிங்ணா."

அது பாதி கரண்டியாகிவிட்டிருந்தது. உண்மையிலேயே அழகாகவும் இருந்தது. அதுதான் குழந்தைவேலுவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"என்ற காலைப் புடுங்க நீங்க ஆருங்க? நாலுங்க! நாலு இருந்துச்சுங்க! நாலையும் நான் பாத்துப் பாத்து..."

ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அத்தனை வயதான மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். மகன் காரியத்தன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அன்று பந்தல்காரரிடம் கம்பு கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெஜினா ஆறுதல் சொல்லவில்லை. அங்கிருந்து எழுந்து போகவுமில்லை. உளியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் மூக்கைச் சிந்தினார்.

"மூணை வெச்சுக்கிட்டு என்னதானுங்க பண்றது?"

"தெரியலீங்ணா," என்றாள் அவள். "அது உங்க ஸ்டூலு."

*

பால்கனியில் ஸ்டூலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று கால்கள் மூன்று மூலையில் நின்றன. நாலாவது மூலையில் ஒரு துளை. அவர் விரலை அதில் விட்டுப் பார்த்தார். உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. நல்ல துளை. அவர் போட்டது.

புதிதாக ஒரு கால் செய்யலாம். மரம் மிச்சமிருந்தது. ரம்பத்தைக் கையில் எடுத்தார். மிச்சமிருந்த கட்டையைத் தொட்டார். வைத்துவிட்டார். முடியவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஒரு காலை மட்டும் கழற்றினார். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருக்க, அதை எதிர்ப்பக்கத்து நடுவில் புதிதாகத் துளை போட்டு மாட்டினார். ஸ்டூல் நின்றது. அவருக்கு நம்பிக்கை வந்தது. ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். கவிழ்த்துத் தள்ளிவிட்டது.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டே பலகையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் தாரணி துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு துணியையும் அவள் தட்டி மடிப்பது அவருக்குள் எங்கோ விழுந்தது.

மற்ற இரண்டு கால்களையும் உருவி எடுத்தார்.

இப்போது அது வெறும் பலகை. மூன்று கால்களையும் அதன்மேல் நிற்க வைத்தார். ஒன்றை நகர்த்தினார். அதற்காக இன்னொன்று நகர வேண்டியிருந்தது. அது நகர்ந்ததும் மூன்றாவதும் நகர வேண்டியிருந்தது. எதுவும் பழைய இடத்துக்குப் போகக் கேட்கவில்லை. பழைய துளைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்ற நாலு மூலைகளும் உதவாதவையாகிவிட்டன. அவற்றை ரம்பத்தால் அறுத்தார். உப்புத்தாள் போட்டார். வட்டம் என்று சொல்ல முடியாது, வட்டம் மாதிரி ஒன்று வந்தது. அளவு பார்க்கிற கருவி பக்கத்திலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

கால்களைச் சற்று வெளிப்பக்கம் விரித்து மாட்டினார்.

*

ரெஜினா அதைத் தரையில் வைத்தாள். நின்றது.

திருப்பி வைத்தாள். நின்றது.

துணி துவைக்கிற கல்லின்மேல், சரிவான பக்கமாக வைத்தாள். ஒரு பக்கம் தாழ்ந்தது, ஆனால் அசையவில்லை. தென்னை வேர் மேடு தட்டியிருந்த மண்ணில் வைத்தாள். அங்கேயும் நின்றது. அவளே ஏறி உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள்.

குழந்தைவேலு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மண்டியிட்டு ஒவ்வொரு காலின் அடியிலும் பார்த்தார். கால்கள் ஒரே உயரம்கூட இல்லை. அவர் சீவிய லட்சணம் அப்படி.

"ஆட்டம் எங்கங்க போச்சு?"

"மூணுக்கு ஆடத் தெரியாதுங்ணா."

அவர் பலகையைத் தடவினார். மேலே பழைய துளைகள் தெரிந்தன.

"இதை அடைச்சுறட்டுங்களா?"

"அடைக்கலாமுங்க."

"அடைச்சாத் தெரியாதுங்களா?"

"அடைச்சாலுந் தெரியுமுங்ணா."

அவர் தலையை ஆட்டினார். பசை டப்பாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். மூன்று கால்களுக்கும் பசை போட்டுத் தட்டி இறுக்கினார். துளைகளை அப்படியே விட்டுவிட்டார்.

"அப்போ நான் வரட்டுங்களா, டீச்சர்?"

டீச்சர் என்றதை ரெஜினா இந்தமுறை திருத்தவில்லை. அடுத்த மரத்துண்டை எடுத்துக்கொண்டாள்.

*

அன்றைக்குச் சாயங்காலம் கலாமணி சந்தகை பிழிந்திருந்தாள். வெளியே பனி சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. விளக்கு போட்டும் கூடம் பாதிக் கனவில் இருப்பதுபோல மங்கலாக இருந்தது.

தாரணி வந்து தன் தட்டில் எடுத்துக்கொண்டாள். தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டாள். அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

குழந்தைவேலு தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கலாமணி தன் பக்கத்தில். நடுவில் அவ்வளவு பெரிய மேஜை. அவர் குனிந்து பார்த்தார். நாற்காலிக் கால்கள் நின்ற இடங்களில் தரை தேய்ந்து லேசாக வெளுத்திருந்தது. அவர் பக்கம், அவள் பக்கம், தாரணி பக்கம், சிபி பக்கம். இத்தனை நாளும் ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கினார். மேஜையின் மூலைக்கு வந்து, பாதி தன் பக்கமும் பாதி சிபியின் பக்கமுமாகப் போட்டு உட்கார்ந்தார்.

கலாமணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏனுங்க, அது..."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சித்த நவுந்து பாக்கறேன் கலா."

அவர் குரல் கெஞ்சியது. அவள் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்தாள். அவர் முழங்கை அந்தப் பக்கத்தின் விளிம்பில் பட்டிருந்ததைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

பிறகு தன் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் கரகரவென்று தேய்ந்துகொண்டே வந்தது. சிபி பக்கத்தின் மறுமூலையில் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் இதுவரை இல்லாத கோணத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் தட்டில் சந்தகை வைத்தாள்.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. தாரணி கையில் தட்டோடு வாசலில் நின்றாள்.

அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாக இருந்தது.

அவள் சன்னலைப் பார்த்த அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

பிறகு தட்டை மேஜைமேல் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு, சுற்றி வந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் போட்டாள்.

"அக்கட்டால தள்ளுங்கப்பா. எனக்கு எடம் பத்தலை."